குண்டம்மாவின் பின்னல்

அக்கா: ...மறுபடியும் தலைய விரிச்சுப் போட்டிருக்காளே! அடியே வாயாடி, காலையில எவ்வளவு நேர்த்தியா பின்னி, ரிப்பன் கட்டிக் கொண்டாந்து குடுத்தேன்! சாயங்காலத்துக்குள்ள இந்தக் கோலமா?

வாயாடி: நான் ஒண்ணும் பண்ணலக்கா. குண்டம்மா மத்தியானம் தூங்கினா. புரண்டு புரண்டு படுத்தா. அவிழ்ந்துடுச்சு.

அக்கா: துணிப் பொம்மை... புரண்டு படுத்தா?

வாயாடி: அவளுக்கும் உடம்பெல்லாம் அரிக்குதுல்ல? அரிச்சா நானுந்தான் புரள்றேன்.

அக்கா: உன் வாய்க்கு முன்னால நான் நிக்க முடியுமா? வார்டு பூரா உனக்கு வாயாடின்னு பேரு வெச்சது சும்மாவா! ...அரிப்பு இப்ப எப்படி இருக்கு?

வாயாடி: உள்ளங்கால்ல மட்டும். ஈரத்துணி வெச்சுக்கிட்டேன்.

அக்கா: சொறியலையே? நகத்தைக் காட்டு... ம், நல்ல புள்ள. குண்டம்மாவ மடியில வெச்சுக்கோ. நாளைக்குக் காலையில என்னென்ன நடக்கும்னு அவளுக்கு இன்னொரு தடவ சொல்லிடலாம்.

வாயாடி: நீங்க சும்மா இருங்க, நான் சொல்றேன். ஏய் குண்டம்மா, இங்க பாரு. இந்த அக்கா வெள்ளைக் கோட்டு போடாத அக்கா. ஊசி போட மாட்டாங்க. விளையாட்டு ரூம்ல இருக்கறவங்க. இங்க எது பண்ணாலும் முதல்ல உனக்குப் பண்ணிக் காட்டிட்டுத்தான் எனக்குப் பண்ணணும்னு அவங்க சட்டம். ரத்தம் எடுக்கறப்பகூட உனக்குத்தான் முதல்ல எடுத்தாங்க. நீ அழுதியே, ஞாபகமிருக்கா?

அக்கா: அவளா அழுதா?

வாயாடி: அவதான். எனக்கு வெறும் கண்ணுல தண்ணி வந்துச்சு.

அக்கா: ஓ... சரி சரி. மேல சொல்லு.

வாயாடி: நாளைக்கு நம்மள இந்தக் கட்டிலோடயே தள்ளிக்கிட்டுப் போவாங்க. அங்க எல்லாரும் பச்சைத் தொப்பி போட்டிருப்பாங்க. குளிரும். அப்புறம் மூஞ்சியில மாஸ்க் வைப்பாங்க. பலூன் ஊதற மாதிரி ஊதணும். ஆரஞ்சு வாசனை வரும், நான் கேட்டு வாங்கினது. தூங்கிடுவே. தூங்கினதுக்கப்புறம் தான் வயித்தத் திறந்து, கெட்டுப்போன ஈரல எடுத்துட்டு நல்லத வைப்பாங்க. அப்ப ஒண்ணும் தெரியாது. முழிச்சதுக்கப்புறம்...

அக்கா: ம்? முழிச்சதுக்கப்புறம்?

வாயாடி: வலிக்கும்.

அக்கா: வலிக்கும். அப்புறம்?

வாயாடி: மருந்து குடுப்பாங்க, குறையும். வலிக்கவே வலிக்காதுன்னு டாக்டர் மாமா சொன்னாரு. நீங்கதான் வலிக்கும்னு சொன்னீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கல்ல?

அக்கா: மாட்டேன்.

வாயாடி: எப்பவுமே?

அக்கா: ...மாஸ்க்க எடு. அவ மூக்கு மூடற மாதிரி வை பாப்போம். ஆங், அப்படி.

வாயாடி: அக்கா, பெரியவங்களுக்கும் ஆரஞ்சு வாசனை குடுப்பாங்களா?

அக்கா: பெரியவங்களுக்குக் கையில ஊசியப் போட்டுத் தூங்க வெச்சுடுவாங்க. வாசனையெல்லாம் யாரு கேக்கறா?

வாயாடி: பாவம்ல... கேட்டா குடுப்பாங்களா?

அக்கா: கேட்டா குடுக்கலாம். ஏன்?

வாயாடி: சும்மா... நல்ல ஈரல் யாருதுக்கா?

அக்கா: அதான் சொன்னேனே, ஒரு நல்ல மனசுக்காரங்க. முழுசா இல்ல, அவங்களோடதுல ஒரு துண்டுதான்.

வாயாடி: அவங்களுக்கு மறுபடியும் வளர்ந்துடும்.

அக்கா: வளர்ந்துடும்.

வாயாடி: முடி மாதிரி.

அக்கா: முடி மாதிரியேதான். உனக்கு ஒட்ட வெட்டினாங்களே, இப்பப் பாரு, முள்ளு முள்ளா எட்டிப் பாக்குது.

வாயாடி: இது நிஜந்தானே? வளர்றது?

அக்கா: இது சத்தியமான நிஜம்.

வாயாடி: "இது"ன்னா... அப்ப எது நிஜமில்ல?

அக்கா: உன்னப் பெத்தாங்களா, இல்ல வக்கீலுக்குப் படிக்க வெச்சு வெளிய விட்டாங்களா? போடி!

வாயாடி: முடி வெட்டறப்ப எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா. சொறிஞ்சு சொறிஞ்சு ஒரே சிக்கு. நானே வெட்டுங்கன்னுட்டேன். அம்மாதான் அழுதாங்க. அதுக்கப்புறம் அம்மா கை சும்மாவே இருக்காது. என் பக்கத்துல உக்காந்து, போர்வை ஓரத்துல நூல் தொங்குதுல்ல, அத எடுத்துப் பின்னிக்கிட்டே இருப்பாங்க. போர்வை பூரா குட்டிக் குட்டிப் பின்னல்...

அக்கா: ...பார்த்திருக்கேன்.

வாயாடி: அம்மா வெளியூர் போனதும் அந்தப் போர்வையத் துவைக்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. வேற ஒண்ணு குடுத்துட்டாங்க. இதுல நூலே இல்ல.

அக்கா: கண்ணு... அம்மா நெனப்பா?

வாயாடி: குண்டம்மாவுக்குத்தான்.

அப்பா: என்ன, பாடம் இன்னும் முடியலையா? டீச்சர் யாரு, ஸ்டூடண்ட் யாருன்னே தெரியலையே!

வாயாடி: அப்பா! அம்மாகிட்ட பேசினீங்களா?

அப்பா: இப்பதான்டா பட்டு, பேசிட்டு நேரா மேல... நேரா இங்க வரேன். ஆபீஸ் வேலை இழுத்துக்கிட்டே போகுதாம். முடிஞ்ச அடுத்த நிமிஷம் ஓடி வந்துடுவாளாம்.

வாயாடி: அந்த ஊர்ல மழையாப்பா?

அப்பா: ம்... ஆமா. கொட்டு கொட்டுன்னு கொட்டுதாம்.

வாயாடி: காலையில வெயில் கொளுத்துதுன்னு சொன்னாங்க.

அப்பா: அது... காலையில.

வாயாடி: அந்த ஊர் லிஃப்ட் பேசுமாப்பா?

அப்பா: லிஃப்டா?

வாயாடி: "தயவுசெய்து கதவை விட்டு விலகி நிற்கவும்"னு. போன்ல கேட்டுச்சே. நம்ம ஆஸ்பத்திரி லிஃப்ட் குரலேதான்.

அப்பா: எந்த ஊர் லிஃப்டா இருந்தாலும் அதையேதான்டா சொல்லும். சாப்பிட்டியான்னா விசாரிக்கும்? ...மேடம், நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?

அக்கா: நானா? ஆங்... ஆமாமா. வாயாடி, உனக்கு ஒரு நல்ல சேதி. இன்னைக்குக் குண்டம்மா குளிக்கப் போக வேணாம். ராத்திரி உன் பக்கத்துலயே படுத்துக்கட்டும். காலையில ரெண்டு பேரும் ஜோடியா போங்க. டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுட்டேன்.

வாயாடி: வேணாம்.

அக்கா: எது வேணாம்?

வாயாடி: அவ குளிக்கப் போகணும். தினமும் சாயங்காலம் துவைக்க எடுத்துட்டுப் போறீங்கல்ல, இன்னைக்கும் எடுத்துட்டுப் போங்க.

அப்பா: இது நல்லா இருக்கே! முதல் தடவ எடுத்துட்டுப் போனப்ப கட்டிலையே ரெண்டாக்கினியே!

வாயாடி: அது அப்ப.

அக்கா: சுத்தமாத்தானேடா இருக்கா?

வாயாடி: ஒண்ணும் இல்ல. காதுகிட்ட ரொட்டித் துண்டு ஒட்டியிருக்கு.

அப்பா: தட்டிவிட்டா போச்சு. இதோ...

வாயாடி: தொடாதீங்கப்பா! அவ போகணும். போகலன்னா நானும் நாளைக்குப் போக மாட்டேன். கட்டில் கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்குவேன். மாஸ்க்க ஊத மாட்டேன்.

அப்பா: பட்டு... விளையாட்டு இல்லடா இது. நாளைக்கு விட்டா... எல்லாரும் தயாரா இருக்காங்க. உன் கண்ணப் பாரு, எப்படி மஞ்சளா... அப்பா உன்கிட்ட கெஞ்சிக் கேக்கறேன்...

அக்கா: சார், நீங்க உக்காருங்க. பதறாதீங்க. வாயாடி, இங்க பாரு. என்ன குறை அவளுக்கு? தலைதானே கலைஞ்சிருக்கு? குடு, இங்கயே பின்னிவிடறேன்.

வாயாடி: நீங்களா?

அக்கா: தினமும் பின்னறது நான்தானே?

வாயாடி: ...சரி. பின்னுங்க. நான் பாக்கறேன்.

அக்கா: என்னடி அப்படி உத்துப் பாக்கற... இது மேல... இது கீழ... ரிப்பன எங்க காணோம், ஆங்... ஒரு முடிச்சு... முடிஞ்சுது! எப்படி?

வாயாடி: இது மூணு கால் பின்னல்.

அக்கா: பின்னல்னா மூணு கால்தானே?

வாயாடி: தினமும் காலையில குண்டம்மா வர்றது நாலு கால் பின்னல்ல. ரிப்பன் நுனி வெளிய தெரியாது. உள்ள சொருகியிருக்கும்.

அப்பா: அது... நர்ஸ் யாராவது பின்னியிருப்பாங்கடா...

வாயாடி: நாலு கால் பின்னல் நர்ஸ் யாருக்கும் தெரியாது. எல்லாரையும் கேட்டுட்டேன். தரை துடைக்கற அக்காவக்கூட விடல.

அப்பா: மேடம்... நீங்க சொல்லிட்டீங்களா?

அக்கா: சத்தியமா இல்ல சார். சொல்லக் கூடாதுன்னீங்க, வாயத் திறக்கல. குழந்தைங்ககிட்ட பொய் சொல்லக் கூடாதுங்கறதுதான் என் வேலையோட முதல் பாடம். அதையும் உங்களுக்காக மீறிட்டு நிக்கறேன். ஆனா அவங்க கைய நான் எப்படிக் கட்ட முடியும்? முதல் நாள் துவைக்கத்தான் எடுத்துட்டுப் போனேன். வழியில பாத்துட்டு, "என் பொண்ணோடதா?"ன்னு கேட்டாங்க. வாங்கி மோந்து பாத்தாங்க. திருப்பித் தரவே மனசில்ல. அதுலேர்ந்து ராத்திரியெல்லாம் அவங்ககிட்டதான். விடிஞ்சதும் மெஷின்ல போட்டுத் துவைச்சுக் காய வெச்சு இங்க கொண்டாருவேன். அந்தப் பின்னல் மெஷின்லகூடக் கலையாது சார், அவ்வளவு இறுக்கம்.

வாயாடி: அம்மா எந்த மாடிப்பா?

அப்பா: ...கீழ் மாடிடா. நமக்கு நேர் கீழ.

வாயாடி: நேர் கீழயா? இந்தக் கட்டிலுக்கா?

அப்பா: ஏறக்குறைய.

வாயாடி: அந்த நல்ல மனசுக்காரங்க அம்மாதான். எனக்குத் தெரியும்.

அப்பா: யாரையும் வெட்டி எனக்குத் தர வேணாம்னு அன்னைக்கு அந்தக் கத்து கத்தினியேடா. முன்பின் தெரியாத ஆளுக்கே அப்படின்னா, அம்மான்னு தெரிஞ்சா நீ ஒத்துக்கவே மாட்டேன்னு பயந்துட்டோம். ஆஸ்பத்திரி உடுப்புல பாத்தா கண்டுபிடிச்சுடுவேன்னுதான் அவ உன் பக்கமே வரல. வர முடியாம அங்க அவ படற பாடு...

வாயாடி: அப்ப எனக்கு மறுபடி வளரும்னு தெரியாது. அக்கா சொன்னாங்கல்ல, முடி மாதிரின்னு. அதுக்கப்புறம் நான் கத்தினேனா?

அப்பா: இல்ல... கத்தல. ஆனா தெரிஞ்சும் ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?

வாயாடி: சொன்னா குண்டம்மாவக் கீழ அனுப்ப மாட்டீங்கல்ல? அப்புறம் காலையில என்கிட்ட என்ன வரும்? அவ வந்ததும் முதல்ல மோந்து பாப்பேன். சோப்பு வாசனைதான் வரும். பின்னல் மட்டும் அம்மா பின்னினபடியே இருக்கும். அத ஒவ்வொரு கண்ணியா தடவிக்கிட்டே... அப்பா, எனக்கு அம்மா வேணும்பா.

அப்பா: என் கண்ணு... வா, வா... அழாத. அப்பாவும் அழல பாரு.

வாயாடி: அழறீங்க.

அப்பா: எனக்குக் கண்ணுல தண்ணிதான்டா வருது.

அக்கா: சார், நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு சக்கர நாற்காலி எடுத்துட்டு வரேன். மாஸ்க் போட்டுக் கூட்டிட்டுப் போகலாம்.

அப்பா: இப்பவா? இவளப் பாத்தா அவ தாங்க மாட்டா மேடம். அழுது தீர்த்துடுவா.

அக்கா: அழட்டும் சார். நாளைக்கு உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு ஒரு பாட்டம் அழுதுடட்டும். இத்தனை நாளா நாமதான் அவங்கள அழவும் விடல.

வாயாடி: அக்கா, ஆரஞ்சு மாஸ்க்கையும் எடுத்துக்கோங்க. அம்மாவுக்கு ஊசின்னாலே பயம். அவங்களுக்குப் பொம்மை வெச்சு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. நான் சொல்லித் தரேன்.

அக்கா: எடுத்துக்கறேன் டீச்சரம்மா. குண்டம்மாவ நீயே தூக்கிக்கோ. ...ஏய், ஏய்! இப்பதானே பின்னினேன், அதையும் ஏன் அவிழ்க்கற?

அப்பா: நாலு காலோ மூணு காலோ, நல்லாத்தானேடா இருக்கு. விடேன்.

அக்கா: இரு... மெஷின்லயே கலையாத பின்னல், இவ மத்தியானம் புரண்டு படுத்ததுலயா அவிழ்ந்துது? தினமும் நீயா...?

வாயாடி: நானேதான்க்கா. பின்னி முடிச்ச தலையவே அனுப்பினா அம்மா எதைப் பின்னுவாங்க? என் தலையிலதான் இப்ப ஒண்ணும் இல்லையே.