காலையில் ஆறு ஸ்பூன்

படுக்கைவிரிப்பைச் சுருக்கம் விழாமல் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது, ஐயா. ஆளை ஒருக்களித்துப் புரட்டி, விரிப்பில் பாதியை முதுகுக்கு அடியில் தள்ளிவிட்டு, பிறகு அந்தப் பக்கம் போய் இழுக்க வேண்டும். இரண்டு பேர் செய்கிற வேலை. நான் தனியாகச் செய்யப் பழகிக்கொண்டேன். இரண்டு வருடத்தில் என் அப்பா அருளப்பனின் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. உடலை நீங்களே பார்த்தீர்கள். அதையும் ஏட்டையாவை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததில் வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் மிஞ்சியது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கை செலினா சென்னையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போனில் அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். "அண்ணே, நீ மட்டும் இல்லன்னா அப்பாவ யாரு பாப்பா?" என்று அழுதுவிட்டு வைத்துவிடுவாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எனக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. காற்றில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்கிற ஹியூமிடிட்டி பிளான்ட் என் பொறுப்பு. காற்று காய்ந்தால் நூல் அறுந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் காலை ஐந்து மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினால் திரும்ப மூன்று மணி ஆகும். அந்தப் பத்து மணி நேரமும் அப்பா தனியாகத்தான் கிடப்பார். துணைக்கு ஒரு அம்மாளை வைத்தேன். "ஆம்பளயப் பொரட்டிப் போட என்னால ஏலாது அண்ணாச்சி" என்று மூன்றாம் நாள் நின்றுகொண்டார். டயாப்பர் கட்டிப் பார்த்தேன். தொடை இரண்டும் தோலுரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் இரண்டு விஷயம் சொன்னார். ஈரத்தில் கிடக்க விடக்கூடாது. தண்ணீர் புரையேறும், ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். இரண்டையும் அப்படியே செய்தேன். எத்தனை ஸ்பூன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் ஒரு டம்ளர் நிறையக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். மூன்று மணிக்கு வந்து பார்த்தால் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து கிடப்பார். கண்ணோரத்தில் நீர் வழிந்திருக்கும். மானமாக வாழ்ந்த மனிதர். பெற்றவரை அப்படிக் கிடக்க விடுவது எனக்குப் பாவமாகப் பட்டது. டம்ளரைப் பாதியாக்கினேன். பிறகு பத்து ஸ்பூன். கஞ்சியைக் கெட்டியாக்கினேன். காலையில் ஆறு, சாயந்திரம் ஆறு என்று வந்தபோது விரிப்பு காய்ந்திருந்தது. அன்றைக்கு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி நன்றி சொன்னேன்.

அதன் பிறகுதான் அப்பா இடது கைக் கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். ஐயாவுக்குத் தெரிந்திருக்காது. நாங்கள் நற்செய்தி வாசிக்கும்போது நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் கட்டைவிரலால் சிலுவை போட்டுக்கொள்வோம். பேச்சுப் போன மனிதர் செபிக்கிறார் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாள் முழுவதும் அந்தக் கை உதட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. தெருவிலுள்ள எங்கள் சபைப் பெண்கள் செபமாலை சொல்ல வந்தபோது காட்டினேன். பரிபூரணம் டீச்சர் அப்பாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இப்பிடி ஒரு விசுவாசமா. ஒங்க கவனிப்புதான் செல்வின் சார் அவியள இப்பிடி வச்சிருக்கு" என்றார்.

பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் அக்கா மட்டும் வேறு மாதிரி பேசுவார். அவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். என் அப்பாவை முறை வைத்து, அப்பா என்கிற பொருளில் 'நாயனா' என்பார். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏலே செல்வின், மில்லுல மிஷினுக்கே மழை பேய வைக்கிறவனாம்ல நீ. நாயனாவுக்கு ஒரு வாய் தண்ணி ஊத்தினா கொறஞ்சா போயிருவ?"

"அவிய செபம் பண்ணுதாக, அக்கா."

"என்னத்த செபம். எங்க வீட்டுக் கன்னுக்குட்டி கூட இப்பிடித்தான் நாக்க நீட்டும். அதுவும் செபமா?"

மறுவாரம் மூன்று மணிக்கு வந்தபோது தலையணை நனைந்திருந்தது. அக்கா ஈரத்துணியைக் குச்சியில் சுற்றி, ஜன்னல் கம்பி வழியாக நீட்டி, அப்பா வாயில் சொட்டவிட்டிருக்கிறார். புரையேறினால் யார் பொறுப்பு? நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் பராமரிப்பு என்றால் ஒரு ஒழுங்கு வேண்டும். அந்த ஜன்னலில் பலகை வைத்து நான்கு ஆணி அடித்தேன். அடிக்கும்போது அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் முதல் வெள்ளிக்குப் பங்குச்சாமியார் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவந்தார். அப்பத்தில் சிறு துண்டுதான் வைத்தார். அது நாக்கில் ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை. நாக்கு உளுந்த அப்பளம் போல இருந்தது. சாமியார் தண்ணீர் கேட்டார். முதல் ஸ்பூனை வாயில் வைத்ததும் அப்பா பல்லால் கடித்துக்கொண்டார். சாமியார் இழுத்தும் விடவில்லை. பிறகு அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்பூனாக ஒரு டம்ளர் முழுவதும் கொடுத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. ஒருமுறைகூடப் புரையேறவில்லை. டம்ளர் தீர்ந்ததும் அப்பாவின் கை இறங்கி நெஞ்சில் கிடந்தது. அன்று சாயந்திரம் வரை உதட்டுக்குப் போகவே இல்லை.

"இவரு செபம் பண்ணலப்பா. தாகத்துக்குத் தண்ணி கேட்டிருக்காரு" என்றார் சாமியார், தணிந்த குரலில். "நெறையக் குடு, என்ன?"

"சரி சாமி" என்றேன். என் தலையில் கைவைத்து ஆசீர் கொடுத்துவிட்டுப் போனார். நல்லவர். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நம்புகிறவர்.

ஒன்பதாம் நாள் அப்பா இறந்தார். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர், அது கிள்ளியபடியே நிற்பதைக் காட்டி, உடம்பில் நீர் வற்றிவிட்டது என்றார். பெத்தம்மாள் அக்கா உங்களிடம் வந்து சொன்னதும் நியாயம்தான்.

விவரம் தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். உங்களுக்கும் அப்பா இருப்பார் போல. வேண்டாம், ஐயா. சாமியார் வருவதற்கு முன்னால் வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். அவர் வந்து போன பிறகு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் அப்பா கேட்டார். கேட்பது தண்ணீர் என்று எனக்குத் தெரியும். குடம் கட்டிலுக்கு நான்கடி தூரத்தில் நிறைந்துதான் இருந்தது. அந்த ஆறு ஸ்பூனுக்கு மேல் ஒரு சொட்டு கொடுத்திருந்தாலும், அத்தனை மாதமும் நான் அவரைத் தவிக்கவிட்டேன் என்று ஆகியிருக்கும். பெற்றவரை இவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட ஒரு மகன்மீது அப்படி ஒரு பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை.