ஏழாவது தாள்

— டைப் அடிம்மா. "எங்கள் கமிஷனை வீடு விற்பவரிடமும் வாங்குபவரிடமும் எழுத்தில் காட்டச் சொல்லும் இந்தப் புது விதி, புரோக்கர்களாகிய எங்கள் வயிற்றில் அடிக்கிறது." அடிச்சிட்டியா?

— அடிச்சாச்சு அண்ணா. வயிறெல்லாம் மனுவுல வேணாம்னு வக்கீல் சொன்னாரே.

— இருபத்திரெண்டு வருஷமா வெயில்ல வீடு காட்டினது அவரா, நானா? வயிறு இருக்கட்டும். அந்தப் படிவத்தைப் பாத்தியா நீ? விக்கறவர்கிட்ட எவ்ளோ, வாங்கறவர்கிட்ட எவ்ளோ, கீழ கையெழுத்து. திருடன்கிட்ட வாக்குமூலம் வாங்கற மாதிரி! துணிக்கடைக்காரன் லாபத்தைப் பில்லுல போடறானா, சொல்லு?

— துணிக்கடைக்காரர் "நான் உங்க ஆளு, கவலைய விடுங்க"ன்னு சொல்றதில்லயே.

— சரி, பல் டாக்டர் சொல்றானா? பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடி, இதுல எனக்கு இவ்ளோ நிக்கும்னு?

— நல்லவேளை ஞாபகப்படுத்தினே. போன வாரம் ஒரு பல் டாக்டர் இந்தக் கடைக்கு வந்தாரு, பத்திரம் டைப் பண்ண. நம்ம அப்பா வீட்டை வாங்கினாரே, அவரேதான்.

— ...அவருக்கென்னவாம் இப்போ?

— விக்கறாராம். நாம குடுத்த விலைக்கு ரெண்டு மடங்கு.

— மார்க்கெட் ஏறிருக்கும்மா. நாலு வருஷம் ஆச்சே.

— அந்த வீட்டுக்கு நீ எவ்ளோ வாங்கினே அண்ணா?

— பெத்த தாய்கிட்டப் போய் கமிஷன் வாங்குவேனா? ஒரு பைசா தொடல. அம்மாவையே கேளு.

— அம்மாகிட்ட நீ வாங்கலன்னு எனக்கும் தெரியும்.

— பின்ன என்ன?

— நான் உன் தங்கச்சின்னு தெரியாம அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. "அப்போ புரோக்கருக்கு நாலு பர்சென்ட் தனியா குடுத்தேன். அந்தம்மாவை விலையில படிய வெச்சது அவருதான். குடுத்தது வீண் போகல"ன்னு.

— மெதுவாப் பேசு!

— ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போவுது? "இதுக்கு மேல ஒருத்தனும் குடுக்க மாட்டான்மா, நான் சொல்றேன் கையெழுத்துப் போடு"ன்னே. அம்மா போட்டாங்க. இன்னிக்கு இந்தக் கடைக்குப் பின்னாடி, பேப்பர் கட்டுங்க நடுவுல கட்டில் போட்டுப் படுத்திருக்காங்க. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் "என் புள்ள ஒரு பைசா தொடல"ன்னு பெருமை வேற. எனக்குப் பத்திக்கிட்டு வருது!

— ஆமா, வாங்கினேன்! என் பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் யாரு கட்டுவா, நீயா? ஆறு மாசம் அந்த வீட்டுக்கு ஆள் தேடி அலைஞ்சது யாரு?

— அலைஞ்சதுக்கு அம்மாகிட்டயே கேட்டு வாங்கிருக்கலாமே! சந்தோஷமாக் குடுத்திருப்பாங்க. நாளைக்கு அம்மாவோட அந்த மூலை மனையும் கைமாறுது. அவங்ககிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதுல உனக்கு வாங்கறவர் பக்கம் எவ்ளோ?

— அது தொழில். உனக்குப் புரியாது.

— நாளைக்கு அவங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு அண்ணா. கெஞ்சிக் கேக்கறேன்.

— சொல்ல முடியாது. நீ சொன்னாலும் அவங்க நம்ப மாட்டாங்க. பொறாமையில பேசறேம்பாங்க. என்ன ஆதாரம் இருக்கு உங்கிட்ட? நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனா?

— இல்ல. குடுக்கல.

— அப்புறமென்ன? பிரிண்ட்டைக் குடு. வக்கீல் மூணு தடவை போன் பண்ணிட்டாரு. புரோக்கர் சங்கத்துல நூறு பேர் என்னை நம்பி இருக்காங்க.

— இந்தா. பெருக்கல் குறி போட்டிருக்கற இடத்துல எல்லாம் போடணும். ஒரு தடவை படிச்சுடு.

— நீ டைப் பண்ணினது, நான் சொன்னது. இதுல படிக்க என்ன இருக்கு?

— படிச்சுடு அண்ணா. சொல்றேன்ல.

— போம்மா! எத்தனை ஆயிரம் கையெழுத்து வாங்கிருக்கேன் நான். "குறி போட்ட இடத்துல போடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்"னா போதும். ஒருத்தன் படிச்சதில்ல. படிச்சிருந்தா எனக்கு ஏது பொழப்பு? அஞ்சு... ஆறு... ஏழு. முடிஞ்சுது. கவர்ல போட்டுக் குடு.

— இந்தா, மனு. ஆறு தாள். சரியா இருக்கு.

— ஏழு போட்டேனே?

— ஏழாவது, நீ கோர்ட்ல எதுக்கறியே, அந்தப் படிவம். விக்கறவர்கிட்ட ஒண்ணுமில்ல, வாங்கினவர்கிட்ட நாலு பர்சென்ட்னு அப்பா வீட்டுக்கு நிரப்பி வெச்சிருந்தேன். கீழ உன் கையெழுத்து. உள்ள அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க.