சிட்டிபாபு ஆபீசில் ஒரு நாற்காலி

அலோ... வள்ளியக்கா? நான்தான் ரூபா... ஆமா, ஆமா, திருப்பதி ரூபா. ஏஜென்ட் சிட்டிபாபு ஆபீஸ்ல குந்திக்கினு எல்லாரையும் கேள்வி கேட்டுக்கினு இருப்பேனே... யக்கா, வேன் எங்க போய்க்கினு இருக்குது?... புத்தூரா? டீக்கு நிக்குதா? நல்லதாப் போச்சு. எறங்கிடு... வெளயாட்டு இல்லக்கா! பைய எடுத்துக்கினு எறங்கு. மெட்ராஸ் ஏர்போர்ட்டும் வேணாம், குவைத்தும் வேணாம்...

ஆஸ்பத்திரி வேலை இல்லக்கா அது. வீட்டு வேலை. போனதும் பாஸ்போர்ட்ட புடுங்கி வச்சிக்குவாங்க... எனக்கு எப்படித் தெரியுமா? உனக்கு முன்னாடி இவன் அனுப்புன யமுனா அங்கேருந்து போன் பண்ணி அழுதா. ஸ்பீக்கர்ல போட்டான் சிட்டிபாபு. பக்கத்துலதான் இருந்தேன்... ஆமா... ஆமா, போன மாசமே...

ஏன் சொல்லலையா?... ஆபீஸ்ல கேக்கறத வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்தப்புறம்தான் உள்ளயே உக்கார விட்டான். சனம் ஏன் கடல் தாண்டிப் போவுதுன்னு புஸ்தகம் எழுதறேன்ல... அது முடிஞ்சாதான் யூனிவர்சிட்டில என் வேலை நெலைக்கும்... ஆமாக்கா, என் வேலைக்காகத்தான். திட்டு. எறங்கிட்டுத் திட்டு.

என்னது?... என்னப் பாத்தா?... படிச்ச பொண்ணு தெனம் வந்து நாற்காலி போட்டு குந்துது, நல்ல ஆபீஸ்தான்னு நெனச்சியா?... ஐயோ... நான் வேடிக்கதானேக்கா பாத்தேன்... எத்தினி பேரு அப்படி நம்பி வந்தீங்க?... வேன் முழுக்கவா?

யாரு? போன யாரு புடுங்கறது?... ஆங்... சிட்டிபாபு அண்ணாவா? நமஸ்தே அண்ணா. செப்பண்டி, சொல்லுங்க... இல்லண்ணா, சும்மா, வழியனுப்பலாம்னு... அண்ணா, கத்தாதீங்க... சரி, உங்க ஆபீஸ்ல இனிமே உக்கார விட மாட்டீங்க. எந்த ஏஜென்ட்டும் உள்ள விட மாட்டான். புஸ்தகமும் இல்ல, போய்யா! யமுனா அழுதத போலீஸ் ஸ்டேஷன்ல சொல்றேன். என் பேரு ரூபா, எங்க நைனா பேரு வெங்கடசாமி, அதையும் மறைக்காம சொல்றேன்... எல்லாருக்கும் கேக்குதா? கேக்கட்டும்! போன அவகிட்ட குடுய்யா!

என்ன சத்தம்?... யக்கா? நீயே புடுங்கிட்டியா? இதோ, நான் பஸ் ஏறிட்டேன். புத்தூருக்குத்தான் வந்துக்கினு இருக்கேன்... இல்லக்கா, இதயும் புஸ்தகத்துல எழுதறதுக்கு வரல... எழுத வரலக்கா, சத்தியமா... நம்புன்னு சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல, தெரியும்... வண்டிய ஸ்டார்ட் பண்றானா? கதவு சாத்தற சத்தம் கேக்குதே... யக்கா, நீ உள்ள இருக்கியா, வெளிய இருக்கியா?... யக்கா... அலோ?... அலோ...