பட்டன் வேஷம் போட்ட டப்பா

ஸ்மிஜா: சிரிக்காத லிஜோ. கம்ப்யூட்டர் குரல் என்ன வாசிக்குதுன்னு இன்னொரு தடவை கேளு... “முதன்மைத் தலைப்பு: மூடு.”

லிஜோ: அய்யோ! அதையா முதல்ல வாசிக்குது?

ஸ்மிஜா: ஆமா. வள்ளங்களி படகுப் போட்டிக்கு டிக்கெட் எடுக்க வந்தவங்களை, வந்ததும் வாயை மூடச் சொல்லுது உன் வெப்சைட்.

லிஜோ: அது விளம்பரத்தை மூடுற இடம். எழுத்து பெருசா வரட்டும்னு தலைப்புன்னு போட்டுட்டேன்...

ஸ்மிஜா: எனக்குக் கண்ணு தெரியாதுன்னு எர்ணாகுளத்துக்கே தெரியும். நீ எழுதுற ப்ரோகிராமுக்கு மட்டும் தெரியல.

லிஜோ: சரி, மாத்தறேன். அடுத்து?

ஸ்மிஜா: போட்டி விவரமெல்லாம் அருமை. தலைப்பு, பத்தி, பட்டியல்... ஒவ்வொண்ணையும் பேர் சொல்லி வாசிக்குது.

லிஜோ: பார்த்தியா!

ஸ்மிஜா: இரு, குதிக்காத. படிக்கிறதுக்கெல்லாம் பேர் வச்சே. அமுக்குறதுக்கு? ‘டிக்கெட் எடு’ எங்கடா?

லிஜோ: நட்டநடுவுல! பச்சையா, பளபளன்னு—

ஸ்மிஜா: பச்சைன்னா என்ன சத்தம் போடும்?

லிஜோ: ...மன்னிச்சிரு. அது வெறும் டப்பா. பட்டன் மாதிரி சாயம் பூசி வச்சிருக்கேன்.

ஸ்மிஜா: அதான் குரல் அதைத் தாண்டிப் போயிடுது. பார்வையில்லாதோர் சங்கத்துல நாப்பது பேர் பத்து மணிக்கு விற்பனை தொடங்கும்னு காத்திருக்காங்க. போன வருஷம் ஒருத்தராலயும் சொந்தமா எடுக்க முடியல.

லிஜோ: இப்ப மணி?

ஸ்மிஜா: ஒம்பதே முக்கால்.

லிஜோ: அம்மே! பேசாத, பேசாத... நிஜப் பட்டனாவே மாத்திட்டேன். ‘மூடு’வும் பட்டன்தான். வெப்சைட்ல ஏத்தியாச்சு... கேளு!

ஸ்மிஜா: “பட்டன்: டிக்கெட் எடு.” ஹோ! சொல்லிடுச்சு லிஜோ, சொல்லிடுச்சு!

லிஜோ: கத்தாத, மேனேஜர் வரப்போறாரு!

ஸ்மிஜா: வரட்டும்! ...பத்தாச்சு. இரு, சங்கத்துலேர்ந்து மெசேஜ்... மாத்தச்சன் சார் தானாவே எடுத்துட்டாராம்! ஏழு பேர்... பதினாறு... இருபத்தொண்ணு!

லிஜோ: நான் ஆடப்போறேன். பார்க்காத!

ஸ்மிஜா: நானா பார்க்கப்போறேன்? நல்லா ஆடு.

லிஜோ: நீ எடுத்தியா?

ஸ்மிஜா: இப்பதான். ரெண்டு.

லிஜோ: ரெண்டா... இன்னொண்ணு யாருக்கு?

ஸ்மிஜா: எந்த வள்ளம் முந்துதுன்னு என் காதுல கத்த ஒரு ஆள் வேணாமா?

லிஜோ: ஓ... உங்க அண்ணனா?

ஸ்மிஜா: மண்டு! லிஜோன்னு பேர் போட்டு எடுத்துட்டேன். ...என்ன, பையில எதையோ தேடுற சத்தம் கேக்குது?

லிஜோ: ஆபீஸ்ல குடுத்த வள்ளங்களி பாஸ் ரெண்டு மூணு நாளா என் சட்டைப் பையில கிடக்கு ஸ்மிஜா. ஒண்ணுல உன் பேரைக்கூட எழுதிட்டேன். வர்றியான்னு கேக்கத்தான்... வாய் வரல.