ரெண்டு மழை தாங்கும்

— திருப்பி அனுப்பிடுக்கா. வேலை நிறைய இருக்கு, முடியாதுன்னு சொல்லிடலாம். நானே சொல்றேன், நீ உள்ள போய் இரு.

— நான் ஏன்டா உள்ள போகணும்? என் பட்டறை இது. அவன் வண்டி தானா வந்து என் வாசல்ல நிக்குது. எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா?

— மாமா வண்டிதான்னு எப்படி உறுதியாச் சொல்ற? சாம்பல் கலர்ல ஊருல ஆயிரம் வண்டி ஓடுது.

— டிக்கி மூடியத் தூக்கு. உள்பக்கம் ஒரு நசுங்கல் இருக்கா? ஏணி ஏத்தும்போது நான் இடிச்சது. அதுக்கு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தான் அந்த மகராசன். நான் நசுங்கினப்ப திரும்பிக்கூடப் பாக்கல.

— சரி, அவர் வண்டிதான். காலையில கொண்டாந்து விட்டது அந்தப் பொண்ணு. கார் ஜன்னலச் சுத்தியிருக்கிற அலுமினியப் பட்டையெல்லாம் வெளுத்துப் போச்சுண்ணே, நாளைக்கு ரொம்ப முக்கியமான நாள், சாயந்திரத்துக்குள்ள எப்படியாவது பண்ணிக் குடுங்கன்னு கெஞ்சிட்டுப் போச்சு. அது உனக்கு என்னக்கா பண்ணிச்சு?

— என்ன பண்ணிச்சா? என் புருஷனோட குடித்தனம் பண்ணுது. அது போதாதா உனக்கு?

— உன் புருஷனா இருந்தவரோட.

— ஆமா சாமி, வந்துட்டாரு திருத்த. அந்த உப்புத்தாள எடு. நைஸா இருக்குமே, அது. தண்ணியில நனைச்சுக் குடு.

— உப்புத்தாளா? அலுமினியப் பட்டையில உப்புத்தாள் போடாதீங்கடான்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவ நீ. பாலிஷ் வச்சு மெதுவா கையால தேச்சா போதும்னு சொல்லுவியே.

— அது மத்த வண்டிக்கு. கேட்டுக்கோ. இந்தப் பட்டைக்கு மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு பூச்சு இருக்கு. அதுதான் இதோட உசுரு. எவனோ வண்டி கழுவுற இடத்துல ஆசிட்டக் கலந்து அடிச்சிருக்கான், அதான் உப்புப் பூத்த சுவரு மாதிரி திட்டுத்திட்டா வெளுத்து நிக்குது. இப்ப நான் அந்தப் பூச்ச மொத்தமா உரிச்சிட்டு மெஷின்ல பாலிஷ் அடிச்சேன்னு வையி, கண்ணாடி தோத்துப் போகும். கம்பெனியிலேர்ந்து வந்தன்னிக்குக் கூட அப்படி இருந்திருக்காது.

— நல்லதுதான?

— அவசரப்படாத. உரிச்சதுக்கு மேல நெறமில்லாத வார்னிஷ் மாதிரி ஒரு கோட்டு அடிச்சு மூடணும். மூடினா வருஷக்கணக்கா நிக்கும். நான் மூடப் போறதில்ல. ரெண்டு மழை தாங்கும், அவ்வளவுதான். அப்புறம் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆயிடும். அவன் துடைக்கத் துடைக்க வெளுக்கும். எந்தப் பட்டறைக்குக் கொண்டு போனாலும், எந்தப் படுபாவி சார் இத இப்படி உரிச்சான்னு கேப்பாங்க. அப்ப என் நெனப்பு வரணும் அவனுக்கு.

— பளபளன்னு குடுத்துட்டுப் பின்னாடியே குழி தோண்டுற. இதெல்லாம் உனக்கு நல்லாவா இருக்கு?

— அவன் தங்கச்சி வீட்டு விருந்துல நீயும்தான இருந்த? சாப்பாட்டுத் தட்ட நீட்டுனேன். கையத் தொட்டுட்டு என்ன சொன்னான்? இவ கை கையா, உப்புத்தாளு, தொட்டா தோல் உரியுதுன்னு சபையில சொன்னான். அத்தனை பேரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச.

— ஏதோ தமாஷுக்குச் சொன்னாருன்னு நெனச்சேன்க்கா.

— எனக்கு மட்டும் ஏன்டா தமாஷாத் தெரியல? அவன் வேலை தேடிக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல ரெண்டு பேருக்கும் சோறு போட்டது இந்தக் கை. இந்த வண்டிய வாங்கினதும் இந்தக் கைதான். அதே வண்டியில அவள முன் சீட்டுல உக்கார வச்சு இந்த வாசல் வழியாவே போனானே. போனவன் சும்மா போனானா? ஹாரன் அடிச்சுட்டுப் போனான். இன்னிக்கும் தெருவுல எவனாவது ஹாரன் அடிச்சா எனக்கு வயிறு எரியுதுடா.

— எரியத்தான் செய்யும். அதுக்காக...

— அதுக்காகத்தான். பேசாம அந்த டேப்ப எடுத்துப் பட்டையோரமா ஒட்டு. பெயிண்ட்டுல பட்டுடப் போகுது.

— அடேங்கப்பா. பழிவாங்கும்போது பெயிண்ட்டுக்கு டேப்பு ஒட்டுற ஆளு உலகத்துலயே நீ ஒருத்தியாத்தான் இருப்ப.

— பெயிண்ட்டு என்னடா பாவம் பண்ணிச்சு? நல்லா அழுத்தி ஒட்டு.

— சொல்றதச் சொல்லிட்டேன். நான் சீட்டு தைக்கிறவன், எனக்கு எதுக்கு ஊர் வம்பு. நாளைக்கு மனசு உறுத்துதுன்னு என்கிட்ட வந்து நிக்காத.

— உறுத்தாது. இப்பத்தான் ஆறவே ஆரம்பிக்குது.

— மெஷின நிறுத்து, போதும். எவ்வளவு நேரமா ஒரே எடத்துல தேய்ப்ப? டீ ஆறிப்போய் ஆடை கட்டியாச்சு.

— முடிஞ்சுது. கொஞ்சம் தள்ளி நின்னு பாரு.

— நெஜமாவே கண்ணு கூசுதுக்கா. என் மூஞ்சி தெரியுது, மூக்கு முடி கூடத் தெரியுது. இவ்வளவு அழகாப் பண்ணிட்டு இதக் கெடுக்கிறதுக்கு உனக்கு மனசு வருதா?

— அழகா இருந்தாத்தான போகும்போது வலிக்கும்.

— வாசல்ல பாரு, வந்துட்டா. பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறா. கோட்டு டப்பா இதோ இருக்கு. கொஞ்சம் உக்காரும்மான்னு நான் நாற்காலி போடறேன், நீ அடிச்சு முடிச்சிடு.

— டப்பாவக் கீழ வையி. அவ இருக்கும்போது நீ வாயத் திறந்த, அப்புறம் அக்கா தம்பின்னு பாக்க மாட்டேன்.

— மேடம், உள்ள வரலாங்களா?

— வாம்மா. பாரு, பிடிச்சிருக்கான்னு.

— இது எங்க வண்டிதானுங்களா? கடவுளே. தொட்டுப் பாக்கலாங்களா மேடம்?

— தாராளமாத் தொடு. உன் வண்டிதான.

— மூணு கடையில ஏறி இறங்கினேன். இதுக்கு மேல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கோம்மா, தேறாதுன்னு சொல்லிட்டாங்க. நீங்க எப்படித்தான் பண்ணீங்களோ. உங்க கையில என்னமோ இருக்குங்க.

— இருக்கு, இருக்கு. வீட்டுக்காரர் வரலியா?

— இல்லீங்க.

— நாளைக்கு என்னமோ முக்கியமான நாள்னியாமே. எங்க போறாரு, இவ்வளவு பந்தாவா?

— ஒரு ஹோட்டல்ல காட்டணும் மேடம். வர்ற விருந்தாளிங்கள ஏத்தி இறக்க வண்டி கேட்டிருக்காங்க. வண்டி புதுசு மாதிரி இருந்தாத்தான் எடுப்போம், மூணு மாசம் பாப்போம், அப்புறம்தான் நிரந்தரம்னு சொல்லியிருக்காங்க.

— ஓகோ. சாரதி உத்தியோகமா இப்ப? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. அவர்கிட்ட நான் ஒரு சேதி சொன்னேன்னு சொல்லணும் நீ.

— அக்கா, விட்டுடு. பிள்ள தூங்குது.

— உன்ன யாரும் கேக்கல, போய்ச் சீட்டத் தை. ஏம்மா, நல்லாக் கேட்டுக்கோ. இந்தப் பளபளப்பு ரெண்டு மழைக்குத்தான். பட்டைக்கு மேல இருந்த பூச்ச நான் உரிச்சுட்டேன். வேணும்னேதான் உரிச்சேன், வேணும்னேதான் மூடாம விட்டேன். மழைத் தண்ணி பட்டுதுன்னா முன்ன இருந்தத விட மோசமா வெளுக்கும்.

— ஏன் மேடம் இப்படிச் சொல்றீங்க? விளையாடுறீங்களா?

— விளையாட எனக்கும் உனக்கும் என்ன உறவு? எந்தக் கையப் பாத்து ஊரே சிரிக்கிற மாதிரி பேசினானோ அந்தக் கைதான் இத உரிச்சுதுன்னு அவன்கிட்டச் சொல்லு. அந்த ஹோட்டல்காரன் அவன் மூஞ்சியில அடிச்ச மாதிரி வேண்டாம்னு சொல்லும்போது நான் பக்கத்துல இல்லையேன்னுதான் எனக்குக் குறை.

— இனிமே மூட முடியாதுங்களா?

— முடியும். அந்த டப்பா இருக்குல்ல, அதுதான். நான் அடிக்க மாட்டேன்.

— மழை வர்ற மாதிரி இருக்குங்க.

— வரட்டும். இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? சாவி அதுலயே இருக்கு, எடுத்துட்டுப் போ. நான் யாருன்னு உனக்குத் தெரியாது. போய் அவனையே கேளு, சொல்லுவான்.

— கேக்கறதுக்கு அவர் எங்கக்கா இருக்காரு? புது வண்டி, புது ஆளுன்னு என்னையும் விட்டுட்டுப் போயாச்சு. பழசு ரெண்டும்தான் வீட்டுல கிடந்தோம், நானும் இந்த வண்டியும். ஓட்டக் கத்துக்கிட்டேன், அந்த ஹோட்டலுக்கு ஓட்டப் போறது நான்தான், எனக்கும் பிள்ளைக்கும் இதுலதான் சோறு. நீங்க யாருன்னு தெரிஞ்சேதான்க்கா வந்தேன், என் நெலமை புரியற ஆளு இந்த ஊருல வேற யாரு இருக்கா?