கிழியாத ஆர்டர்

ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி போகும் டவுன் பஸ். முன் சீட்டுக்காரி சத்தமாகச் சொன்னாள்:

"கோர்ட்டையே மடில கட்டியிருக்கேன் மதினி!"

மடியை அவிழ்த்து ஓர் அட்டையைக் காட்டினாள். பஸ் பாஸ் அளவுதான் இருந்தது.

"ஒம் புருசன் ஒங்கிட்ட வரக்கூடாதுன்னு ஜட்ஜம்மா போட்ட ஆர்டரா? அது பெரிய பேப்பருல்ல?"

"அதான் போன தடவ களையெடுக்கையில மடியிலயே ஊறிப்போச்சே. அவன் வந்து வம்பு பண்ணப்ப எடுத்துக் காட்டுனா, ஏட்டையாவுக்கு ஒரு எழுத்தும் தெரியல. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்கன்னுட்டாரு. இப்பக் கோர்ட்டுல புது நகல் வாங்கி, அதச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷன் போட்டுட்டேன். பின்னாடி கேஸ் நம்பரு, கோர்ட்டு போன் நம்பரு எல்லாம் இருக்கு."

"நேத்தும் வந்தானாமே?"

"வந்தான். இதப் புடுங்கிக் கிழிச்சுப் பாத்தான். பல்லால கடிச்சும் பாத்தான், கிழியலையே! அதுக்குள்ள ஏட்டையா வந்துட்டாரு. நின்ன எடத்துலயே கோர்ட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாரு. அப்பிடியே ஜீப்புல ஏத்திட்டாரு!"

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

என் பக்கத்தில் அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த பெண், மடித்து மடித்து இற்றுப்போன ஒரு தாளைப் பையிலிருந்து எடுத்தாள். அதிலும் கோர்ட்டு முத்திரை.

"யக்கா, அந்த லேமினேஷன் கடை எங்கன இருக்கு?"