ஏழுக்கு ரெண்டு

— பையை எதுக்குத் தூக்கற, ரயேன்? இந்த மழையில படகு வராது.

— வர்றப்ப வரட்டும் டீச்சர், துறையில நிக்கறேன். நாளைக்கு எனக்கு மார்க் போட காலேஜ்லேர்ந்து ஆள் வர்றாரு. பயிற்சிக்கு வந்த நான் பாடம் நடத்தி, கிளாஸே ஏழுக்கு ரெண்டுன்னு அவர் பாத்தா அப்பவே நான் ஃபெயில். அதுக்கு முன்னாடி நானே போயிடறேன்.

— அந்த ரெண்டை நானா போட்டேன்? என் கிளாஸ்ல புள்ளைங்க மார்க்கைப் புள்ளைங்களே போட்டுக்கும்.

— அதான் வலிக்குது. நீங்க போட்டிருந்தா மனசுக்குள்ள உங்களைத் திட்டிட்டுப் போயிருப்பேன். உங்க பாடத்துக்கு ஆறும் ஏழுமா போட்டுக்கிட்டவங்க. நான் வந்து பின்னக் கணக்கைத் தொட்டேன், ஒருத்தர்கூட பாஸ் இல்ல. எங்கம்மா சேத்துல சிப்பி பொறுக்கி என்னைப் படிக்க வச்சது இதுக்கா?

— உக்காரு கண்ணு. மில்காவோ ரொட்டி ஆறிப்போகுது, தின்னு.

— வேணாம் டீச்சர். ஒரு புள்ளையாவது எனக்காகக் கூடப் போட்டிருக்கலாம்ல? பொய்யாவாவது?

— பொய்யா போடமாட்டாங்க கண்ணு. எத்தனை ஹெட்மாஸ்டர்கிட்ட இதுக்காக மல்லுக்கு நின்னிருக்கேன் தெரியுமா? மார்க்கை அதுங்க கையிலயே குடுத்துப் பாருங்க, ஒரு புள்ளை பொய் சொல்லாதுன்னு.

— அப்போ என் பாடத்துக்கு ரெண்டுதான்.

— இரு, கிளாஸ் புள்ளையையே கேப்போம். ஏய் நயாரெத், கதவுக்குப் பின்னாடி என்னடி பண்ற? உள்ள வா. இந்த மில்காவோவை மூணு பேருக்குச் சமமா பங்கு போட்டா உனக்கு எவ்வளவு?

— மூணுல ஒரு பங்கு, டீச்சர் அத்தை. அதுல பாதியை தம்பிக்குக் குடுத்தா ஆறுல ஒரு பங்குதான். ஆனா குடுக்கமாட்டேன்.

— யாரு சொல்லிக்குடுத்தா?

— ரயேன் அத்தை.

— இவ்வளவு தெரிஞ்சவ எதுக்குடி ரெண்டு போட்டுக்கிட்ட?

— நான் மட்டுமா? எல்லாரும் பேசி வச்சுத்தான் போட்டோம்.

— பேசி வச்சா? இவங்க உங்களுக்கு என்னடி கெடுதல் பண்ணாங்க?

— திட்டமாட்டீங்கன்னா சொல்றேன்.

— திட்டல. சொல்லு.

— பாஸானா ரயேன் அத்தை ஊருக்குப் போயிடுவாங்களாம். போன வருஷம் ஃபெயிலான எலியாஸ் இந்த வருஷமும் இங்கதானே உக்காந்திருக்கான்? அதான் அத்தையையும் ஃபெயிலாக்கிடலாம்னு.